இன்னொரு காலுக்கு

கடையில் வாங்கின பொருளை அந்த வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. மாடியில் குடிவந்த புதிதில், கீழ்வீட்டு அக்காவுக்குப் பிறந்தநாள் என்று கேள்விப்பட்டு, பூப்போட்ட பீங்கான் ஜாடி ஒன்றை மெனக்கெட்டு வாங்கிக்கொண்டு போனேன். அக்கா சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று சொல்லி, டீ கொடுத்து, அதை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் தூசி வாங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருஷம் எனக்கு விவரம் தெரிந்துவிட்டது. நான் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். முள்ளம்பன்றி உருவத்தில் ஒரு ரொட்டி செய்து, முதுகு முழுக்கக் கத்தரிக்கோலால் வெட்டி முள் எழுப்பி, உலர்ந்த திராட்சையில் கண் வைத்துக் கொண்டுபோனேன். அதை அக்கா யாரையும் தொடவிடவில்லை. மேசைமேல் வைத்து, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். எறும்பு மொய்த்த பிறகுதான் மனசே இல்லாமல் எடுத்தாள்.

அந்த வீட்டில் டீக் கெட்டிலுக்குக்கூட ஸ்வெட்டர் உண்டு. நாற்காலிக் கால்கள் தரையைக் கீறாமலிருக்க அவற்றுக்கும் சாக்ஸ். சுவரில் மகள் சின்ன வயதில் பட்டன்களைத் தைத்துச் செய்த மீன் ஒன்று தொங்கும். அதற்கு வாலைவிடத் தலை சிறியது. அக்காவுக்குத் தொழிலே கம்பளிதான். பழைய ஸ்வெட்டர், கிழிந்த சால்வை, பூச்சி அரித்த குல்லாய் எல்லாம் மூட்டையாக வந்து முன்னறையில் இறங்கும். அவற்றைப் பிரித்து, துவைத்து, காயவைத்து, புதுசாகப் பின்னிக் கடைக்குக் கொடுப்பாள். பிரித்த நூலைப் பெரிய வளையமாக, சிட்டமாகச் சுற்ற வேண்டும் என்றால் எதிரே ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மகள் வீட்டில் இருந்தவரை அது மகள் வேலை. பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட அப்படிக் கை நீட்டிக்கொண்டுதான் ஒப்பிப்பாளாம். மகள் வேலைக்கு வெளியூர் போனபிறகு அக்கா முக்காலியைக் கவிழ்த்துப்போட்டு அதன் கால்களில் சுற்ற ஆரம்பித்தாள். நான் சும்மா எட்டிப்பார்த்தால் முக்காலிக்கு ஓய்வு, எனக்கு வேலை.

அக்காவின் வீட்டுக்காரர் நாலு தெரு தள்ளிப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எல்லோரும் டயர்க்காரர் என்பார்கள். நான் அண்ணே என்பேன். "அக்கா வீட்டுக்காரர் உனக்கு எப்படிம்மா அண்ணன் ஆவார்? உங்க வீட்ல உறவுமுறையையே பஞ்சர் ஆக்கிட்டீங்களே" என்று அவர் கடைக்குப் பக்கத்துச் சலூன்காரர் என்னை வழியில் நிறுத்திக் கேட்டிருக்கிறார். டயர்க்காரர் பெரிய உருவம். விரல்கள் வெள்ளரிப்பிஞ்சுக் கனம் இருக்கும், ரேகையெல்லாம் கறுப்பு. வீட்டில் கையால் எதுவும் செய்யாத ஆள் அவர் ஒருவர்தான். "எனக்கு ஒட்டத்தான் தெரியும், பின்னத் தெரியாது" என்று சொல்லிவிடுவார். பேச்சும் அவ்வளவுதான். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஆளுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

இந்த மனிதர் மகளோடு பேசாமல் இருந்தார். அது ஒரு சலூன் நாற்காலியில் ஆரம்பித்த கதை. மகள் வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே ஒருவரைப் பிடித்துப்போய், அம்மாவிடம் சொன்னாள், சித்தியிடம் சொன்னாள், என்னிடம்கூட மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். சித்தி வேறு யாரிடமோ சொல்ல, அது சலூன்வரை போய்விட்டது. டயர்க்காரர் ஒருநாள் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது, சலூன்காரர் ஒரு கன்னத்தை மழித்து முடித்துவிட்டு, "என்ன, மாப்பிள்ளை அமைஞ்சுட்டாராமே, சந்தோஷம்" என்றிருக்கிறார். இவர் அப்படியே எழுந்து வந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழப்பு, ஒரு கன்னம் நுரையோடு அவர் தெருவில் நடந்து வந்ததை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே அவர் வரவில்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்சு, கடைசியா எனக்கா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மகள் தன் கையால் பின்னின பழுப்பு ஸ்வெட்டர் நாற்காலி மேலேயே கிடந்தது. அக்காதான் அழுதுகொண்டே மடித்துப் பெட்டியில் வைத்தாள். குழந்தை பிறந்தபோதும் அவர் போகவில்லை. மகளும் லேசுப்பட்டவள் இல்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? போனில் அம்மாவிடம் மட்டும் பேசுவாள். "அவர் நல்லாருக்காரா?" என்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அவர் காதில் விழாததுபோல் செருப்பைத் துடைப்பார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மகள் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை வரேம்மா. பாப்பாவைக் காட்டிட்டு சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிடுவேன். ஒரு தடவைதான் வந்து பார்ப்பேன். அவர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டார்னா அப்புறம் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

அக்கா இதை அப்படியே அவரிடம் சொன்னாள். அவர், "சரி" என்றார். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று அக்கா அன்றைக்கு முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

புதன்கிழமை மத்தியானம் நான் வேலை முடிந்து, மிச்ச ரொட்டியோடு கீழே போனேன். வெளியே விடாத தூறல். அக்கா மூட்டைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் பார்த்து எடுக்க மாட்டாள். கை எடுக்கும், விரல் நுனி தேடும், வாய் பேசிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கையில் வந்தது மஞ்சளாக ஏதோ ஒன்று. வந்ததும் அவளே நிறுத்திவிட்டாள்.

"இங்க பாரேன் இந்தக் கூத்தை. யாரோ புண்ணியவதி பின்னிப் போட்டது. ஒரு கை முழுசா இருக்கு, இன்னொரு கை முழங்கையோட நின்னுபோச்சு. கழுத்துல எலிகூட நுழையாது."

"கைக்குழந்தைக்குப் போட்டதாக்கா?"

"குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?" அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சமே ஊடுருவவில்லை. "எப்படி இறுக்கிப் போட்டிருக்கா பாரு. இதுல காத்துகூடப் போகாது. ஆனா நூல் நல்ல நூல், புதுசாட்டம் இருக்கு. நல்ல நூலைக் கொன்னு போட்டிருக்கா."

"எனக்கே பின்னத் தெரியாது, ஆனா இதைவிட நல்லாப் போடுவேன்" என்றேன்.

"நீ ரொட்டி மாவுல போட்டாலும் இதைவிட நல்லா வரும். கையை நீட்டு."

நான் கை நீட்டினேன். அக்கா நுனியைக் கண்டுபிடித்து இழுத்தாள். சாதாரணமாக அவள் இழுத்தால் வரிவரியாகச் சரசரவென்று பிரிந்து வரும். இது வரவில்லை. ஒவ்வொரு பின்னல் கண்ணியும் அடம்பிடித்தது. "விடமாட்டேங்குதே சனியன்" என்று திட்டிக்கொண்டே இழுத்தாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் போட்டவளைப் பற்றி என்னென்னவோ சொல்லிச் சிரித்தோம். டீ ஆறுவதற்குள் அது முழுக்கப் பிரிந்து, என் கையில் சுருள்சுருளாக மஞ்சள் சிட்டமாகிவிட்டது. அக்கா அதை அலசி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள்.

சாயங்காலம் டயர்க்காரர் நனைந்து வந்தார். அக்கா அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் தலையைக்கூடத் துவட்டாமல் நேராக மூட்டைக்குப் போய்க் கையை விட்டுத் துழாவினார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல."

இன்னொரு மூட்டையையும் துழாவினார். அப்புறம் நிமிர்ந்தவர் ஜன்னலைப் பார்த்தார். சிட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதுவா? இன்னைக்கு ஒரு அதிசயம் வந்துச்சு கேளுங்க" என்று அக்கா கரண்டியோடு திரும்பினாள். "எவளோ ஒருத்தி குழந்தைக்கு ஸ்வெட்டர் போடறேன்னு கோணிப்பை போட்டு வெச்சிருக்கா. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே..."

"அது பழசு இல்ல" என்றார் அவர்.

"பழசு இல்லன்னா?"

"சலூன்ல உக்காந்து போட்டேன்."

அக்கா கரண்டியை வைத்தாள். சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான்தான் ஓடிப்போய் இறக்கினேன். அக்கா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவருடைய கைகளையே பார்த்தாள். அந்தக் கையில் ஒரு பின்னல் ஊசியை வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை என்று நினைக்கிறேன். என்னாலும் முடியவில்லை.

"நீங்களா?"

அவர் போய் ஈரச் சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் வேத்தாளா?"

"சொன்னா நீ திருத்துவ."

"திருத்துவேன்தான்."

"திருத்தினா அது உன்னுதாயிடும்."

அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஒளிக்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு? போயும் போயும் மூட்டையிலயா?"

"கடை ஒழுகுது. கிரீஸ் வேற. பழசோட பழசாக் கிடந்தா யாரு பார்க்கப் போறான்னு வெச்சேன்."

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின மனிதர். பெண்டாட்டியின் கை எந்நேரமும் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும் என்று தெரியாதா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தபிறகு வரவில்லை.

"நான் போட்டுத் தரேன். ரெண்டே நாள். உக்காந்தா முடிச்சுடுவேன். அதே அளவு, அதே மஞ்சள்..."

"வேண்டாம்."

"ஏங்க?"

"நீ போட்டது அவகிட்ட ஏழெட்டு இருக்கு." ஈரத் தலையோடு அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அவ வந்தா என்ன சொல்லுவேன் நான்? எனக்குப் பேச வராது. வந்த உடனே இதை எடுத்துக் கையில குடுத்துட்டா, பேச வேண்டியதில்லையேன்னு இருந்தேன்."

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் மாடியில் போய் வெறும் ரொட்டியைத் தின்றேன். வயிறு கேட்கிறதா?

மறுநாள் சாயங்காலம் சலூன்காரர் வந்தார். இழவு கேட்க வருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இவருக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த ஆள் அவர்தான். சலூன்காரர் ஒருசமயம் கால் முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்தபோது, வார்டு ஆயா ஊசியைக் கையில் கொடுத்து, "சும்மா கத்திக்கிட்டுக் கிடக்காம இதைப் போடு" என்றாளாம்.

"நான்தான் வாய் தவறிச் சேதி சொன்னேன்" என்று சலூன்காரர் அக்காவிடம் சொன்னார். "பாதி மழிச்ச கன்னத்தோட எழுந்துபோன மனுஷன், அப்புறம் ரொம்ப நாளா என் கடைப்பக்கம் வரல. போன மாசம் தானா வந்தாரு. ஷேவிங்கான்னு கேட்டேன். இல்ல, உனக்கு ஊசி பிடிக்கத் தெரியும்ல, சொல்லிக்குடுன்னாரு. நானும் கூட்டமில்லாத நேரத்துல சொல்லிக்குடுத்தேன். கஸ்டமர் வந்தா ரெண்டு பேரும் துண்டுக்குள்ள ஒளிச்சுக்குவோம்."

"இப்ப என்ன பண்றது?" என்றாள் அக்கா.

"ஸ்வெட்டர் ஆகாது. ஞாயிறு வந்தாச்சு. சாக்ஸ் போடட்டும். குழந்தைக் கால் எவ்வளவு இருக்கும், இவர் கட்டைவிரல் அளவு இருக்குமா? ஆனா எனக்குக் குதிகால் போட வராது. அதைக் கத்துக்கறதுக்குள்ள கட்டைப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

டயர்க்காரர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். சிட்டம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அந்த மழையில் கைக்குட்டைகூடக் காயாது. பிரித்த நூலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒவ்வொரு கண்ணியும் வளைந்த வளைவு நூலில் அப்படியே நிற்கும். கனமாக எதையாவது கட்டித் தொங்கவிட்டு, சூட்டில் காயவைத்தால்தான் சுருள் நிமிரும். "என்கிட்ட குடுங்க" என்றேன். அவர் கடைக்குப் போய்ப் பெரிய ஸ்பானர் ஒன்றைக் கொண்டுவந்தார். விடிவதற்கு முன்னால் நான் வேலைக்குப் போகும்போது சிட்டத்தை எடுத்துப்போய், ரொட்டி அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டி, அடியில் ஸ்பானரைக் கட்டித் தொங்கவிட்டேன். "என்னடி இது, அடுப்புக்குத் தொட்டில் கட்டறியா?" என்று முதலாளியம்மா கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், மாவு படாமல் இருக்கத் தன் தலைத்துணியை அவிழ்த்து மேலே போர்த்தினாள். மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தபோது நூல் காய்ந்திருந்தது. சுருள் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நூல் முழுக்க ரொட்டி வாசனை.

அன்றைக்கு அவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பில் கழுவி, உமி போட்டுத் தேய்த்து, அக்காவிடம் முகர்ந்து பார்க்கச் சொன்னார். பிறகு ஜன்னலடியில் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது. ஒரு கண்ணி போடுவார், அதை இழுத்து இறுக்குவார், விரலால் தட்டிப் பார்ப்பார். ஒட்டுப் போட்ட டியூபைத் தட்டிப் பார்க்கிற அதே தட்டல்.

அக்காவைத்தான் பார்க்கப் பாவமாக இருந்தது. எதிரே உட்கார்ந்து வேறு எதையோ பின்னுகிற பாவனையில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கண்ணியை நழுவவிட்டார். அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டிவிட்டு வந்தாள். இன்னொன்றை நழுவவிட்டார். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். "பொண்ணைப் பெத்தப்பக்கூட இவ்வளவு பல்லைக் கடிக்கலடி நான்" என்று என் காதில் சொன்னாள்.

சனிக்கிழமை குதிகாலுக்கு வந்தார். நின்றுவிட்டார். ரொம்ப நேரம் ஊசியை வெறித்துப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "இந்தா" என்றார்.

அக்கா நூல் உருண்டை உருண்டு ஓட எழுந்தாள்.

"சொல்லு. தொடாத."

"தொடலை." அக்கா இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு அவர் பக்கத்தில் குந்தினாள். "வரி முழுக்கப் போகாதீங்க. முடிய நாலு கண்ணி இருக்கும்போது அப்படியே திரும்பிடுங்க."

"வரி முடியாமயா?"

"ஆமா."

"பாதியில திரும்பினா ஓட்டை விழாதா?"

"விழாது. பாதியில திரும்பினாத்தான் குதிகால் வரும். நேராப் போயிக்கிட்டே இருந்தா குழாய் மாதிரி நீளும், கால் நுழையாது."

அவர் நம்பாமல் திரும்பினார். மறுபடி அந்தப் பக்கம் போய், இன்னும் ஒரு கண்ணி குறைத்து மறுபடி திரும்பினார். அக்கா சொல்லச் சொல்ல அவர் பின்ன, தட்டையாக இருந்த துணி மெல்ல நடுவில் குழிந்து சின்னக் கிண்ணம்போல எழும்பியது. அவர் அதற்குள் தன் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். விரல் அதில் உட்கார்ந்தது. சிரித்தார். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் என்னத்துக்கு அங்கே நிற்கிறேன் என்று மாடிக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலையில் கீழே போனபோது ஒரு சாக்ஸ்தான் முடிந்திருந்தது. ஒன்றே ஒன்று. அதன் பின்பக்கத் தையலையும் அவரே போட்டிருந்தார், மூட்டை தைக்கிற தையல். இன்னொன்றுக்கு நேரமில்லை. அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஆனால் அக்கா என்னிடம் காட்டினது வேறு ஒன்று. பெட்டி திறந்து கிடந்தது. அவர் அந்தப் பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தார். வயிற்றருகே பட்டன் எட்டவில்லை. இரண்டு பக்கமும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மகள் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என் கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம்தான் உள்ளே பார்த்தாள். அவர் எழுந்து நின்றார்.

"பட்டன் போடலையா?" என்று கேட்டாள். குரல் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் கண் அந்த ஸ்வெட்டரை விட்டு நகரவில்லை.

"போட்டேன். ஒத்துக்கல."

"அளவு தப்பாப் போட்டுட்டேனோ என்னவோ."

"அளவு சரிதான். நான்தான் ஊதிட்டேன்."

 அக்கா டீ போடுகிறேன் என்று போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள். அவர் பாக்கெட்டில் கைவிட்டு அந்தச் சாக்ஸை எடுத்து, மகளைப் பார்க்காமல் அவள் பக்கமாக நீட்டினார்.

மகள் வாங்கிக்கொண்டாள். அவளும் நூலில் வளர்ந்தவள்தானே. திருப்பிப் பார்த்தாள், உள்ளே விரல் விட்டாள், முகர்ந்தாள். "ரொட்டி வாசனை அடிக்குது" என்றாள். இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "இது அம்மா கை இல்லையே. யாரு போட்டது?"

அக்காவும் நானும் அவரைப் பார்த்தோம். மகள் அவர் விரல்களைப் பார்த்தாள். கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தது.

"நூல்ல சுருள் இருக்கு" என்றாள் மெதுவாக. "பிரிச்ச நூலாச்சே இது. முன்னாடி என்னவா இருந்துச்சு?"

அக்கா அதற்குமேல் தாங்கவில்லை. "ஸ்வெட்டரா இருந்துச்சு கண்ணு. நான்தான், இந்தப் பாவிதான், பழசுன்னு நினைச்சுப் பிரிச்சுப்புட்டேன்" என்று சமையலறை வாசலிலிருந்தே ஓவென்று அழுதாள்.

மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை, வைத்துவிட்டாள். அவர் ஸ்வெட்டரை விட்டுவிட்டுக் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். மகள் கீழே உட்கார்ந்து சாக்ஸைக் குழந்தையின் வலது காலில் இழுத்து இழுத்து ஏற்றினாள். குழந்தை உதைத்தது. உதறிப் பார்த்தது. அது கழலவில்லை.

"எந்தச் சாக்ஸும் இவ கால்ல நிக்காது. உதறித் தள்ளிடுவா" என்றாள்.

"காத்து போகக் கூடாதுன்னு இறுக்கிப் போட்டேன்" என்றார் அவர். பிறகு அதே மூச்சில், குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைசியா எனக்குச் சொன்னேன்னுதான் வருத்தம் கண்ணு. வேற ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளை மேலயும் இல்ல, உன் மேலயும் இல்ல."

மகள் சாக்ஸ் போட்ட காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "எல்லார்கிட்டயும் சும்மா சொன்னேன்ப்பா. அவங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா விட்டுடுவேன்னு பயம். அதான் உங்களைக் கடைசியா வெச்சேன்."

டயர்க்காரர் அழுதார். சத்தமில்லை. குழந்தை அவர் முகத்தில் இறங்கின தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. எனக்கும் மூக்கு அடைத்துக்கொண்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கொஞ்ச நேரம் கழித்து மகள் குழந்தையின் இடது காலைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொரு காலுக்கு?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"எப்ப முடியும்?"

"எனக்கு மெதுவாத்தான் வரும்."

"மெதுவாவே போடுங்க. வாங்கிக்கிட்டே போறேன்."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "சாயங்காலம் வரல. பாப்பாவுக்கு ஒரு கால் மட்டும் ரெடியாயிருக்கு" என்றாள். அந்தப் பக்கம் அவர் பயந்துபோய் என்னென்னவோ கேட்டார் போலிருக்கிறது. அதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அப்புறம் அந்த வீடு பழைய வீடாகிவிட்டது. சலூன்காரர் மரக்கட்டை ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஒரு கிலுகிலுப்பை செய்து கொண்டுவந்தார். அதற்குள் என்ன போட்டாரோ, ஆட்டினால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நான் ஆமை ரொட்டி செய்தேன். டயர்க்காரர் சாயங்காலம் கடை மூடி வந்ததும் கை கழுவிக்கொண்டு ஜன்னலடியில் உட்காருவார். இரண்டாவது சாக்ஸ் ஊசியில் வளர்ந்தது. பழகிவிட்டதால் முன்னைப்போல் அவ்வளவு மெதுவாகவும் வளரவில்லை. குதிகாலை அவரே போட்டுவிட்டார். ஒருநாள் ராத்திரி பார்த்தால் விரல் பக்கம்தான் பாக்கி.

மறுநாள் மத்தியானம் நான் கீழே போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். மகளும் குழந்தையும் உள்ளறையில் தூங்கினார்கள். அக்கா ஜன்னலடியில் உட்கார்ந்து, அவர் வைத்துவிட்டுப் போன சாக்ஸை ஊசியிலிருந்து கழற்றி, நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன பண்றே?"

"கண்ணி ஒண்ணு நழுவியிருக்கு."

"எங்கே?"

"எங்கயோ நழுவியிருக்கு. நீ போய் டீ போடு."

நான் போய் டீ போட்டேன். குதிகால் வரைக்கும் பிரித்துவிட்டு, கண்ணிகளை ஒழுங்காக ஊசியில் ஏற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சாயங்காலம் அவர் அதைக் கையில் எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். "குதிகாலைத் தாண்டினேனே நேத்து" என்றார்.

"தாண்டினதா நினைச்சிருப்பீங்க" என்றாள் அக்கா, சூப்பைக் கிண்டிக்கொண்டே.

அவர் அக்காவின் முதுகைப் பார்த்தார். உள்ளறையில் மகள் குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குதிகாலிலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்த நாளும் மழை. அக்கா அதே இடத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். முக்காலியைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்ததை அவள் கவனிக்கவில்லை, நான்தான் பார்த்தேன். மகள் தூக்கக் கலக்கத்தோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். ஊசியில் இருந்த பாதிச் சாக்ஸைப் பார்த்தாள். அக்கா நிமிர்ந்தாள். திருட்டில் பிடிபட்ட பிள்ளைபோல நூலை மடிக்குள் மறைத்தாள்.

 மகள் குழந்தையைக் கம்பளி மூட்டையில் சாய்த்து உட்காரவைத்தாள். அதன் ஒரு காலில் மஞ்சள் சாக்ஸ், இன்னொரு கால் வெறும் கால். முக்காலியை நிமிர்த்தி ஓரமாகத் தள்ளினாள். அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.